எல்லைச்சாமி போட்டுக்கொண்டு போன செருப்பு

ஒரு எல்லைக்குள் குடிபோனால் அந்த எல்லைச்சாமியிடம் போய் நாங்கள் வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பது சிவகங்கைப் பக்கத்து வழக்கம். நாகிசே என்கிற ஜப்பான் கடலோர ஊருக்கு என் வீட்டுக்காரர் சேவுகன் பரோட்டா மாஸ்டராக வந்து, பிறகு என்னையும் கைப்பிள்ளையையும் கூப்பிட்டுக்கொண்டு இரண்டு வருடம் முடிந்தும் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இருந்தேன். மனுசரிடமே பேசக் கூச்சப்படுகிறவள் பாஷை தெரியாத சாமியிடம் என்ன பேசுவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, பூவிழிக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்து நான்காம் நாள் இறங்கின பிறகுதான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மலைக்கோயிலுக்குக் கிளம்பினேன்.

எண்ணூறு வருடத்துக் கோயில் அது. அறுபத்தோரு கல்படி, இரண்டு பக்கமும் ஆகாசம் தெரியாத அளவுக்குத் தேவதாரு மரம், படி தொடங்குகிற இடத்தில் இரண்டு தூணும் மேலே இரண்டு விட்டமுமாகக் கதவில்லாத ஒரு சிவப்பு வாசல். அதைத் தோரி என்பார்கள். உள்ளே இருக்கிற சாமியின் பெயர் ஹமானுஷி. கடற்கரைக்காரர் என்று அர்த்தமாம். பக்கத்து ஊரில் போய்க் கேட்டால் யார் அவர் என்பார்கள், அந்த அளவுக்கு நாகிசே ஊருக்கு மட்டுமே சொந்தமான சாமி. அவர் குடியிருக்கிற அறையின் கதவு எப்போதும் மூடியே இருக்கும், உள்ளே ஒரு கண்ணாடி இருப்பதாகப் பேச்சு, பார்த்தவர் இல்லை.

சிவப்பு வாசலில் என் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அந்த ஊரில் சன்னதிக்கு முன்னால் வரைக்கும் செருப்போடும் பூட்ஸோடும் போவதுதான் மரியாதை என்பது எனக்குத் தெரியாது. வந்திருக்கிறோம் சாமி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு இறங்கி வந்து பார்த்தால் செருப்பு இல்லை. காரைக்குடிச் சந்தையில் வாங்கின ஊதா வார் ரப்பர் செருப்பு, வலது கால் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருப்பேன். வெறுங்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக வீடு வந்து சேர்ந்தேன், எதிரில் வந்தவர்கள் எல்லாம் மரியாதைக்காக என் கால்களைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தார்கள்.

"இந்த ஊருல எவன் செருப்பத் திருடுவான்?" என்றார் என் வீட்டுக்காரர். "குடையை மறந்து வச்சா மூணு நாள் கழிச்சு தொடச்சு மடிச்சுல்ல குடுக்குறான். நீ எங்கயாவது விட்டுருப்ப ராக்கு."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு மன்மாயா தீதி வந்தாள். நேபாளத்துக்காரி, மீன் ஆலையில் மீன் அறுக்கிறவள். தீதி என்றால் அவள் பாஷையில் அக்கா. அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜப்பான் பாஷை மட்டும்தான், ஆனாலும் அதில் நாங்கள் பேசாத ஊர்க்கதை கிடையாது.

"உன் செருப்பு மீன் ஏலத்துல நிக்குதுடி," என்றாள்.

"யாரு போட்டுருக்கா?"

"யாரும் போடல. அதுபாட்டுக்கு நடக்குது. ஒரு பெட்டிகிட்ட நின்னு பாக்குது, அடுத்த பெட்டிக்குப் போகுது. ஏலக்காரன் குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டே விலை சொல்றான்."

கோயில் பூசாரி மியாஜி வாரத்தில் ஐந்து நாள் தபால்காரர், மிச்ச இரண்டு நாள் பூசாரி. அவர் குளித்து வெள்ளை உடுத்தி, எண்ணூறு வருடமாக மூடியிருந்த கதவைத் திறந்து தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே ஆள் இல்லை" என்று சொன்னார், பதிவுத்தபால் கொண்டு போன வீட்டில் ஆள் இல்லாவிட்டால் எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில். பிறகு பழக்கதோஷத்தில், வந்திருந்தோம், தாங்கள் இல்லை, தங்களுக்குச் சௌகரியப்படும் நேரத்தைத் தெரிவிக்கவும் என்கிற தபால் சீட்டை எழுதிக் கதவிடுக்கில் சொருகிவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு சாமி ஊருக்குள் நடந்தது நடந்ததுதான். சடக் சடக் என்று ரப்பர் செருப்புச் சத்தம் காலையில் மீன் ஏலத்தில் கேட்கும், பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் முதுகு வலிக்காரர்களுக்கு நடுவில் நிற்கும், முடிவெட்டுகிற கடை வாசலில் கழற்றிக் கிடக்கும், பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்தைப் பார்க்கும், சிவப்பு விளக்கு விழுந்தால் ரோட்டோரத்தில் இரண்டு செருப்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்று பச்சை விழுகிற வரைக்கும் காத்திருக்கும். சாமி யார் கண்ணுக்கும் தெரியவில்லை என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. முன்பும் தெரிந்ததில்லையே. கண்டுபிடிக்கப்பட்ட ஒரே தப்பு, அவர் குப்பை போடும் நாளில்லாத ஒரு நாளில் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றார் என்பதுதான். அதற்கு ஊர்ச்சங்கம் மூன்று பக்கத்தில் நோட்டீஸ் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்து, சாமிக்கென்று ஒன்றை முடிவெட்டுகிற கடையில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தது.

எந்த வீட்டு வாசலில் செருப்பு எவ்வளவு நேரம் கிடந்தது என்பதுதான் ஊரில் பேச்சு. பெரிய வீடுகளில் வாசலை மூன்று வேளை கழுவினார்கள், உள்ளே வந்தால் உட்காரட்டும் என்று பட்டுத் திண்டு போட்டார்கள், வேலையாட்களை விட்டுத் தெருமுனையில் பார்க்கச் சொன்னார்கள். சாமி அந்தத் தெருவில் நடந்தார், ஆனால் நிற்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி வைத்து அதிக நேரம் இருந்தது மீன் ஆலைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் சந்தில், அதிலும் என் வீட்டில். மத்தியானம் பூவிழி தூங்குகிற நேரத்துக்கு வருவார். பாய் ஒரு இடத்தில் கொஞ்சம் தாழும். ஒரு டம்ளர் டீ வைப்பேன், அது மெல்லக் குறையும். நான் பேச மாட்டேன், அவரும் பேச மாட்டார். என்னைப் பேச்சுக்கு இழுக்காத ஆள் ஒருவர் அந்த ஊரில் கிடைத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நகராட்சி ஆபீஸிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து, சம்பந்தப்பட்டவர் பகலில் அதிகமாக இந்த விலாசத்தில் இருப்பதால் குடியிருப்பு மாறியிருக்கிறதா, வந்து போகிறவரா, எதற்கு டிக் போடலாம் என்று கேட்டாள். நான் என் வீட்டுக்காரரைக் கைகாட்டினேன். அவர் "வெளியூருச் சொந்தக்காரன் மாதிரி வந்து போறாருன்னு போட்டுக்கம்மா" என்று தமிழிலேயே சொன்னார். அவள் யோசித்து, எழுதிக்கொண்டு, வணங்கிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் பிடிக்காதவர் ஒருத்தர்தான், தொகுனாகா. நாங்கள் குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், ஊர்ச்சங்கத் தலைவர், சப்பரம் தூக்குகிற பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் முதல் வீட்டுக்காரர். ஐப்பசி மாதத் திருவிழாவில் சாமி சப்பரத்தில் ஏறி வருடத்துக்கு ஒரு நாள் ஊரைச் சுற்றுவார், அந்தச் சப்பரத்தைத் தொடுகிற பாத்தியதை பன்னிரண்டு வீட்டு ஆம்பிளைகளுக்கு மட்டும், அது நின்று இறங்குகிற வாசலும் அந்தப் பன்னிரண்டு மட்டும். முன்பக்கத்து இடது கொம்பு நானூறு வருடமாகத் தொகுனாகா குடும்பத்துத் தோளில். அவர் தோளில் ஒரு காய்ப்பு உண்டு. கல்யாணம், கருமாதி, வங்கி மேனேஜர் வந்தால் என்று எல்லா விசேஷத்திலும் சட்டைக் காலரை ஓரமாக நகர்த்தி அது தெரிகிற மாதிரி உட்காருவார். சாமி தானே நடந்தால் அந்தக் காய்ப்புக்கு என்ன மரியாதை?

அவர் ஒரு நாள் பயறு இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வெயில் இந்த வருடம் நீளுவதைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். பூவிழியின் கண் அழகு என்றார். கூரையைப் பார்த்தார். "பழைய வீடு," என்றார். "மழை ஒழுகும். உங்களுக்குச் சிரமம். திருவிழா முடிஞ்சதும் இடிச்சுட்டு வண்டி நிறுத்துற இடமா ஆக்கலாமான்னு ஒரு யோசனை இருக்குங்க. சாமி கோயிலுக்குத் திரும்பிட்டா மனசு நிம்மதியாகி, அந்த யோசனை போனாலும் போகும். அந்தச் செருப்பு உங்களோடதுன்னு கேள்விப்பட்டேன்." பிறகு மூன்று தரம் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"ரொம்ப நல்ல மனுசன்," என்றேன்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டுப் போறாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

வெளிநாட்டுக்காரருக்கு அந்த ஊரில் வீடு கொடுக்க மாட்டார்கள். இந்த வீடு கிடைக்கவே ஏழு மாதம் ஆனது. இது போனால் அவர் கடை மாடியில் நாலு சமையல்காரர்களோடு படுத்துக்கொள்ள வேண்டும், நானும் பூவிழியும் ஊருக்குப் போய்விட வேண்டும், அப்புறம் போனில்தான் அவள் அப்பாவைப் பார்ப்பாள், ஒன்றரை வயது வரைக்கும் அப்படித்தானே பார்த்தாள், போனைத்தான் அப்பா என்பாள்.

மறுநாள் மத்தியானம் சாமி வந்து உட்கார்ந்ததும், நான் டீயை வைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து வாசலுக்குப் போய், செருப்பை எடுத்தேன். குதிகால் இடத்தில் அடிப்பகுதி தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. நான் மூன்று வருடம் போட்டு அவ்வளவு தேயவில்லை. எடுத்து அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். சாயங்காலம் தொகுனாகாவிடம் கொடுத்தார் என் வீட்டுக்காரர், அவர் இரண்டு கையாலும் பட்டுத்துணியில் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அவர் கணக்குத் தப்பிப்போனது. சாமி நாகிசே ஊர்க்காரர். நாகிசேக்காரர் யாரும் வெறுங்காலோடு தெருவில் இறங்க மாட்டார், வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடுவார். செருப்பு இல்லாததால் சாமி என் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாமல், பாய் தாழ்ந்தது தாழ்ந்தபடியே, பதினோரு நாள் எங்களோடு இருந்தார். நாங்கள் அந்த இடத்தைச் சுற்றி நடந்தோம். காலையில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு டம்ளர். செய்தது நான் என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. டீ மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

திருவிழாவன்று பன்னிரண்டு வீட்டு ஆம்பிளைகளும் நீலச் சட்டையும் வெள்ளைக் கச்சையும் கட்டி, தொகுனாகா குரல் கொடுக்க, ஒரே மூச்சில் சப்பரத்தைத் தூக்கினார்கள். அது முறத்தில் புடைத்த உமி மாதிரி எழும்பிப் போய்விட்டது. கனம் இருக்கும் என்று இழுத்துப் பிடித்த நாலு பேர் மல்லாக்க விழுந்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. சாமி இல்லாத சப்பரத்தைச் சுற்றி எடுப்பதா என்று கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். பூசாரி மியாஜி தலையைச் சொறிந்துகொண்டு, "பெறுபவர் மீன் ஆலைச் சந்தில் இருக்கிறார். போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்றார்.

இப்படியாக நானூறு வருடத்தில் முதல் தடவையாகச் சப்பரம் எங்கள் சந்துக்கு வந்தது. சந்து குறுகல். நாலு பேர் சேர்ந்து நடக்க முடியாது. குறுக்குக் கொம்புகளைக் கழற்றினார்கள், காயப்போட்டிருந்த துணிகளை மன்மாயா தீதி அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எடுத்தாள், தொகுனாகா என் வாசலுக்கு வந்து வணங்கி, சாமியை அனுப்பி வைக்கும்படி கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தனை பேர். தீதி என் முதுகில் விரலால் குத்தினாள். "வாயத் தொறடி. இப்ப கேக்கலைன்னா எப்பவும் கேக்க மாட்ட."

"வீடு," என்றேன். எனக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தைகளில் அது ஒன்று.

தொகுனாகா வானத்தைப் பார்த்தார், பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் தொகுனாகாவைப் பார்த்தார்கள், கடைக்காரர்கள் எல்லாரையும் பார்த்தார்கள். "சாமி தங்கிய வீட்டை யாராவது இடிப்பாங்களா?" என்று அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் உள்ளே போய்ப் பாயின் தாழ்ந்த இடத்துக்குப் பக்கத்தில் முட்டி போட்டு, "சாமி, வாசல்ல வந்து நிக்கிறாங்க. தரையில கால் படாமத் தூக்கிட்டுப் போவாங்க. கிளம்புங்க" என்றேன். பாய் நிமிர்ந்தது. வெளியே சப்பரம் தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. அப்போது வந்த கனம் சாதாரணக் கனம் இல்லை. பதினோரு நாள் டீயும், ஊரெல்லாம் பார்த்த காட்சியுமாகச் சாமி எடை போட்டிருந்தார். பன்னிரண்டு வீட்டாரும் முகம் சிவக்க முக்கியும் ஒரு விரற்கடை எழும்பவில்லை. தொகுனாகாவின் காய்ப்பு வெடித்தது. கடைசியில் மன்மாயா தீதியின் புருசனும், சந்தில் குடியிருந்த மீன் ஆலை வியட்நாம் பையன்கள் ஆறு பேரும், பரோட்டாக் கல்லை ஒற்றைக் கையால் தூக்குகிற என் வீட்டுக்காரரும் போய்த் தோள் கொடுத்த பிறகுதான் சப்பரம் சந்தை விட்டு நகர்ந்தது.

ஊர்ச்சங்கம் இதையும் ஜீரணித்துக்கொண்டது. செருப்பைத் தெய்வத்தின் பாதரட்சை என்று பெயர் எழுதிக் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள், ஊக்கு தெரிகிற மாதிரி. அதன் சின்ன உருவத்தைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி விற்றார்கள். எங்கள் சந்துக்குப் பதின்மூன்றாம் வீடு என்று பட்டம் கொடுத்து, பின்பக்கத்து வலது கொம்பைக் கொடுத்து, நீலச் சட்டையும் கொடுத்தார்கள். முதல் மாதம் என் வீட்டுக்காரர் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டார். பங்குனிக்குள் அந்தப் பின் கொம்பில் முன்னால் நிற்பது யார் என்பதில் அவருக்கும் தீதியின் புருசனுக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனியில் ஒரு நாள் கண்ணாடிக்கு முன்னால் பனியனை ஓரமாக நகர்த்தி, "ஏ ராக்கு, இங்க காய்ச்சிருக்கா பாரு" என்று கேட்டார்.

அந்த ஆனியில்தான் ஐஸ் ஆலைச் சந்துக்கு ஒரு குடும்பம் வந்தது. மன்னார்ப் பக்கத்துத் தமிழர்கள். துஷ்யந்தி என்கிற அந்தப் பெண்ணும் என்னை மாதிரியே கைப்பிள்ளைக்காரி, என்னை மாதிரியே தலையைக் குனிந்து நடப்பாள். அவள் புருசன் சங்கத்துக்கு வந்து, சப்பரம் எங்கள் சந்து வாசலிலும் ஒரு நிமிசம் நின்றால் நல்லது என்று விண்ணப்பம் கொடுத்தான்.

அதற்குக் கூட்டம் என் வீட்டிலேயே நடந்தது, சாமி தங்கின வீடு என்பதால். பதின்மூன்று வீட்டாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சந்து குறுகல் என்றார் ஒருவர். வழக்கம் இல்லை என்றார் இன்னொருவர்.

"நேத்து வந்தவுகளுக்கெல்லாம் நிறுத்துனா சப்பரம் எப்ப கோயிலுக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டது என் வீட்டுக்காரர்.

தொகுனாகா அவரைப் பார்த்து, நானூறு வருடமாகப் பழகின மாதிரி தலையசைத்தார். விண்ணப்பத்தை மறுக்கிற பேப்பரில் வீட்டுக்கு ஒரு முத்திரை குத்த வேண்டும். எங்கள் முத்திரை சமையலறை டிராயரில் இருந்தது, அதை எடுத்துக் குத்துகிற வேலை எனக்கு வந்தது. நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொகுனாகா டீயைக் குடித்துவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "இந்த மழைக்கும் ஒழுகலையே," என்றார். "நல்ல வீடு."

குத்தினேன். சிவப்பு மை காய்கிறதுக்குள் எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ஐப்பசியில் தொகுனாகா குரல் கொடுக்க, பதின்மூன்று வீட்டாரும் ஒரே மூச்சில் சப்பரத்தைத் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் தோளில் போட்டிருந்த சும்மாட்டுத் துணியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொம்பு அதன்மேல் உட்கார்ந்தும் துணி நசுங்கவில்லை, காற்றுக்கு அதன் ஓரம் ஆடியது. போன வருடம் மல்லாக்க விழுந்தவர்கள் இந்த வருடம் ஒருத்தரும் விழவில்லை. முதலில் தொகுனாகா முட்டியை மடக்கி ஒரு முக்கு முக்கினார். உடனே அவருக்குப் பின்னால் இருந்தவர் முக்கினார். அப்படியே முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் முக்கல் வந்து, கடைசியில் எல்லாரையும் விடப் பெரிய சத்தமாக என் வீட்டுக்காரர், "யப்பா, தாங்க முடியலயே" என்று முகத்தைச் சுளித்தார். அவர் கண் என் கண்ணில் பட்டது. உடனே திரும்பிக்கொண்டார். இந்த வருடம் சாமிக்குக் கனம் கூடியிருக்கிறது என்று ஊரார் சந்தோசப்பட்டார்கள், பூசாரி மியாஜி கையில் ஒரு தபால் சீட்டை எடுத்து, எழுதாமல், திரும்பப் பைக்குள் வைத்தார். செருப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டினபடி இருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில் துஷ்யந்தி பிள்ளையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, சரியான பாரமோ?" என்று கேட்டாள்.

வீடு அங்கேயிருந்தே தெரிந்தது. வாசலில் பூவிழியின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமா," என்றேன். "ரொம்பப் பாரம்."

"பாவம் அண்ணாமார்," என்றாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப நான் வாறன் அக்கா. வீட்ட ஆள் வந்திருக்கு, விடிஞ்சதிலயிருந்து பாய் ஒரு இடத்தில தாழ்ந்து கிடக்கு. பாயெல்லாம் வெறுங்கால் மண். தேத்தண்ணி குடுக்க வேணும்."